இடமிருந்து வலத்துக்கு ஒரு தாவல்

எக்செல்லில் எனக்குப் பிடித்த வேலை எது என்று யாராவது கேட்டால், பிவட் டேபிள் என்றோ சார்ட் என்றோ சொல்ல மாட்டேன். டவுன்லோடு செய்த ஃபைலில் எழுத்தாக உறைந்து கிடக்கும் தொகைகளை எண்ணாக மாற்றுகிற வேலைதான் என்பேன். நெடுவரிசை முழுக்க இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்ற ரூபாய்த் தொகைகள் எல்லாம் ஒரே நொடியில் வலது ஓரத்துக்குத் தாவும். அதுவரை ‘கவுன்ட்’ மட்டும் காட்டிக்கொண்டிருந்த ஸ்டேட்டஸ் பார், ‘ஆவரேஜ்’, ‘சம்’ என்று பேச ஆரம்பிக்கும். அப்போது வருகிற சந்தோஷத்துக்கு ஈடாக இந்தத் தொழிலில் வேறொன்றையும் நான் கண்டதில்லை.

எனக்கு ஈரோட்டில் கணக்கு எழுதுகிற வேலை. மஞ்சள் மண்டிக்காரர்கள், ஜவுளி வியாபாரிகள், அரிசி ஆலைக்காரர்கள் என்று பல பேருடைய கணக்குகள் கைக்கு வரும். ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டலில், கொள்முதலுக்குக் கிடைக்கும் வரி வரவைக் காட்டும் 2பி தயாராகிவிடும். 20-ஆம் தேதிக்குள் மாத ரிட்டர்னான 3பி தாக்கல் செய்ய வேண்டும். நடுவில் இருக்கிற அந்தச் சில நாட்களில் வங்கி ஸ்டேட்மென்ட், 2பி, கொள்முதல் பதிவேடு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாக வேண்டும். மூன்றும் வெவ்வேறு இடத்திலிருந்து வருகிறவை, வெவ்வேறு பழக்கம் உள்ளவை. ஒன்றில் தொகைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கும். இன்னொன்றில் வரவு, பற்றைக் குறிக்கும் ‘சிஆர்’, ‘டிஆர்’ ஒட்டிக்கொண்டிருக்கும். இவற்றை ஒரே மொழி பேச வைப்பதில்தான் அந்த நாட்களின் ருசியே இருக்கிறது.

கட்டத்துக்குள் 4500 என்று இருப்பதாலேயே அது நாலாயிரத்து ஐந்நூறு ஆகிவிடாது. நான்கு, ஐந்து, பூஜ்யம், பூஜ்யம் என்ற நான்கு எழுத்துக்குறிகளாக மட்டும் அது இருக்கலாம். வாசலில் செருப்பு கிடக்கிறது, ஆள் வீட்டில் இல்லை என்கிற நிலைமை. இதை நிரூபித்துப் பார்க்க அழகான சோதனை ஒன்று உண்டு. எழுத்தாக இருக்கும் இரண்டு தொகைகளை எடுத்து =ஏ1+ஏ2 என்று போடுங்கள்; சரியான விடை வரும். அதே இரண்டையும் =சம்(ஏ1:ஏ2) என்று போடுங்கள்; 0 வரும். கூட்டல் குறியைப் பார்த்ததும் எக்செல் ‘இதை எண்ணாக எடுத்துக்கொள்ள முடியுமா’ என்று முயன்று பார்க்கிறது. சம் ஃபங்ஷனோ கொடுத்த கட்டங்களில் எண்ணாக இருப்பவற்றை மட்டும் கூட்டிவிட்டு, எழுத்தாக இருப்பவற்றை ஓசைப்படாமல் தாண்டிப் போய்விடுகிறது. இந்த ஒரு சோதனையைச் செய்து பார்த்தவருக்கு எக்செல்லின் உள்மனம் புரிந்துவிடும். நான் பழக்குகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைத்தான் செய்து காட்டுகிறேன். அந்த 0-வைப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் வருகிற வியப்பு எனக்கும் தொற்றிக்கொள்ளும்.

எழுத்து, எண் என்ற இந்தப் பிரிவினை ஸ்ப்ரெட்ஷீட் பிறந்தபோதே அதனுடன் பிறந்தது. டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்காகக் கொண்டுவந்த விசிகால்க்கில், முதல் தட்டலைப் பார்த்தே புரோகிராம் முடிவு செய்துவிடும். எழுத்தைத் தட்டினால் ‘லேபிள்’, இலக்கத்தைத் தட்டினால் ‘வேல்யூ’. 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3-இல், முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் பின்னால் வருவது இலக்கமே ஆனாலும் அது லேபிள்தான். இன்றைக்கும் எக்செல்லில் ஒரு கட்டத்தில் அந்த ஒற்றைக் குறியைப் போட்டுவிட்டு 0910 என்று அடித்தால், முன்னால் இருக்கும் பூஜ்யம் அப்படியே நிற்கும். நாற்பது ஆண்டுகளைத் தாண்டிய ஒரு வழக்கம் என் விசைப்பலகையில் இன்னும் வேலை செய்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் பொங்கும்.

மருந்துக்கு முன்னால் நாடி பார்க்க வேண்டும். முதல் அடையாளம், எந்தப் பக்கம் நிற்கிறது என்பது. நாம் கைவைக்காத கட்டத்தில் எழுத்து இடப்பக்கம் நிற்கும், எண் வலப்பக்கம் நிற்கும். இரண்டாவது, கட்டத்தின் இடது மேல்மூலையில் தெரியும் சின்னப் பச்சை முக்கோணம். மூன்றாவதுதான் என் செல்லப் பிள்ளை: கவுன்ட், கவுன்ட்ஏ என்கிற ஜோடி. கவுன்ட் எண்களை மட்டும் எண்ணும். கவுன்ட்ஏ காலியாக இல்லாத எல்லாவற்றையும் எண்ணும். ஒரு நெடுவரிசைக்கு இரண்டையும் போட்டு, வருகிற விடைகளுக்கு வித்தியாசம் இருந்தால், அத்தனை கட்டங்கள் எழுத்தாக நிற்கின்றன என்று பொருள். ஆயிரக்கணக்கான வரிகள் உள்ள ஷீட்டுக்கும் இரண்டே ஃபார்முலாவில் நோய் தெரிந்துவிடும்! இந்த ஜோடியைப் போட்டுப் பார்க்காமல் எந்தக் கூட்டுத்தொகையையும் நம்ப எனக்கு மனம் வருவதில்லை.

நெடுவரிசையை முழுக்கத் தேர்ந்தெடுத்து ‘நம்பர்’ ஃபார்மேட் கொடுத்துவிட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஃபார்மேட் என்பது உள்ளே இருப்பதை எப்படிக் காட்டுவது என்ற கட்டளைதான். ஏற்கெனவே உள்ளே எழுத்தாக உட்கார்ந்திருப்பதை அது தொடாது. கட்டத்துக்குள் போய் எஃப்2 தட்டி என்டர் அடித்தால் மாறும். ஆயிரம் கட்டங்களுக்கு அப்படி அடித்துக்கொண்டிருக்க முடியுமா? அதற்காகத்தான் அருமையான வழிகள் சில இருக்கின்றன.

பச்சை முக்கோணம் தெரிந்தால் அந்தக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் வருகிற ஆச்சரியக்குறியைத் தட்டி, ‘கன்வெர்ட் டு நம்பர்’ என்று கொடுத்தால் வேலை முடிந்தது. முக்கோணம் இல்லாவிட்டால் இன்னொரு வழி. காலியான ஒரு கட்டத்தில் 1 என்று அடித்து அதைக் காப்பி செய்துகொள்ளுங்கள். தொகைகளைத் தேர்ந்தெடுத்து, பேஸ்ட் ஸ்பெஷலில் ‘மல்டிப்ளை’யைத் தொட்டு ஓகே கொடுங்கள். எதை ஒன்றால் பெருக்கினாலும் அதே எண்தான் வரும் என்று இரண்டாம் வகுப்பில் படித்த பாடம் இங்கே வந்து நிற்கிறது. மதிப்பு துளியும் மாறாது, ஆனால் பெருக்கல் நடக்க வேண்டும் என்பதற்காகவே எழுத்து எண்ணாகிவிடும். இதை முதன்முதலில் யோசித்தவருக்கு என் கைதட்டல்!

என் கை தானாகப் போகிற இடம் டேட்டா மெனுவில் இருக்கும் ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’. ஒரு நெடுவரிசையைப் பல நெடுவரிசைகளாகப் பிரிப்பதற்காக வைக்கப்பட்ட வசதி அது. எதையும் பிரிக்காமல் நேராக ‘ஃபினிஷ்’ கொடுத்தாலோ, எக்செல் ஒவ்வொரு கட்டத்தையும் புதிதாக அடித்ததைப் போல மறுபடி படித்துப் பார்க்கும். படிக்கும்போதே எண்ணாகத் தெரிவதை எண்ணாக்கிவிடும். இதன் மூன்றாவது திரையில் ‘அட்வான்ஸ்டு’ என்று ஒரு பட்டன் ஒளிந்திருக்கிறது. அதைத் திறந்தால் தசமக் குறி எது, ஆயிரம் பிரிக்கும் குறி எது என்று நாமே சொல்லலாம். ஜெர்மனியிலிருந்து 1.234,56 என்று ஒரு இன்வாய்ஸ் பட்டியல் வந்தாலும், அந்த ஊர் வழக்கத்தை இங்கே சொல்லிக்கொடுத்துவிட்டால் ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கு முழு, ஐம்பத்தாறு சென்ட் என்று சரியாக எடுத்துக்கொள்ளும். 500- என்று கழித்தல் குறியைக் கடைசியில் போட்டு அனுப்புகிற மென்பொருள்கள் உண்டு. அவற்றுக்கும் அங்கேயே ஒரு டிக் இருக்கிறது. குறி முன்னால் வந்து நின்றுகொள்ளும். ஒரு சின்னப் பெட்டிக்குள் இத்தனை ஊர்களின் பழக்கங்களையும் யோசித்து வைத்திருக்கிறார்களே!

இவை எதற்கும் மசியாத தொகைகளும் வரும். எனக்கு உண்மையான விருந்து அப்போதுதான். பார்வைக்கு 12,500.00 என்று சுத்தமாக இருக்கும், பச்சை முக்கோணம் இருக்காது, வேல்யூ ஃபங்ஷன் போட்டால் பிழை என்று திரும்பி வரும். உடனே லென் போட்டுப் பார்ப்பேன். ஒன்பது எழுத்துக்குறி இருக்க வேண்டிய இடத்தில் பத்து என்று வரும். அந்தப் பத்தாவது ஆள் யார்? கடைசி எழுத்தை ரைட் ஃபங்ஷனால் பிரித்தெடுத்துக் கோட் ஃபங்ஷனிடம் கொடுத்தால், 160 என்று பதில் வரும். அகப்பட்டுவிட்டான்!

சாதாரண இடைவெளிக்கு எண் 32. இந்த 160 வேறு ஜாதி இடைவெளி. இணையப் பக்கங்களில் ஒரு தொகை இரண்டு வரியாக உடைந்துவிடாமல் சேர்த்துப் பிடிப்பதற்கும், அட்டவணையில் காலிக் கட்டத்தை நிரப்பி வைப்பதற்கும் வைக்கப்பட்டது. வங்கித் தளங்களிலிருந்து எக்செல் என்ற பெயரில் இறங்குகிற ஃபைல்களில் சில, உள்ளே வெறும் இணைய அட்டவணைதான். திறக்கும்போதே ‘ஃபைலின் பெயருக்கும் வடிவத்துக்கும் பொருந்தவில்லை’ என்று எக்செல் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை வந்தால் 160 உள்ளே இருக்கக்கூடும் என்று நான் தயாராகிவிடுவேன். ட்ரிம் ஃபங்ஷன் 32-ஐ மட்டுமே நீக்கும். க்ளீன் ஃபங்ஷன் 0 முதல் 31 வரை உள்ள குறிகளை மட்டுமே நீக்கும். 160 இரண்டிலிருந்தும் நழுவிவிடும். அதற்கென்றே இந்த ஃபார்முலா:

=நம்பர்வேல்யூ(சப்ஸ்டிட்யூட்(சி2, சார்(160), ""), ".", ",")

உள்ளே இருக்கும் சப்ஸ்டிட்யூட் அந்த 160-ஐ எடுத்துவிட்டு வெறுமையை வைக்கிறது. வெளியே இருக்கும் நம்பர்வேல்யூ, புள்ளிதான் தசமம், காற்புள்ளி வெறும் பிரிப்புக் குறி என்று நாம் சொன்னதைக் கேட்டு எண்ணாக்குகிறது. 2013 எக்செல்லில் வந்த நம்பர்வேல்யூவை நான் கொண்டாடுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் லட்சத்தை 1,00,000 என்று எழுதுகிறோம். அமெரிக்காவில் 100,000 என்று எழுதுகிறார்கள். இந்த ஃபங்ஷன் காற்புள்ளி எத்தனை இலக்கத்துக்கு ஒருமுறை வருகிறது என்று பார்ப்பதே இல்லை, நீக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டரில் எந்த நாட்டு அமைப்பு இருந்தாலும் விடை மாறாது. ஃபார்முலாவை ஒரு கட்டத்தில் போட்டு, மூலையைப் பிடித்து இரட்டைத் தட்டு தட்டினால் கடைசி வரி வரை பாய்கிறது. அப்போது கவுன்ட்டும் கவுன்ட்ஏவும் ஒரே எண்ணைக் காட்டும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

பாக்கித் தொகைக்குப் பின்னால் சிஆர், டிஆர் வருகிற ஸ்டேட்மென்ட்டும் இதே போலச் சுவையானது. கடைசி இரண்டு எழுத்தை ரைட் ஃபங்ஷனால் பார்த்து, டிஆர் என்றால் −1, சிஆர் என்றால் 1 என்று இஃப் போட்டு வைத்துக்கொள்வேன். அந்த எழுத்துகளை நீக்கிய தொகையை எண்ணாக்கி, இதனுடன் பெருக்கிவிட்டால் ஓவர்டிராஃப்ட் கணக்கு முழுக்க கூட்டல் கழித்தலோடு நேராகிவிடும். இரண்டு எழுத்துக்குள் ஒரு வியாபாரத்தின் திசை இருந்தது; அதை நாம் ஒரு குறியாக மாற்றிக் கணக்குக்குள் கொண்டுவந்துவிட்டோம்.

தேதியும் இந்தக் குடும்பம்தான் என்று தெரிந்துகொண்ட அன்று எனக்கு இந்த வேலை மேல் இருந்த பிரியம் இரட்டிப்பானது. விண்டோஸ் எக்செல்லுக்குத் தேதி என்பதும் ஒரு எண்தான். 1900 ஜனவரி 1 என்பது 1. நிதியாண்டு தொடங்கிய 2024 ஏப்ரல் 1 என்பது 45383. அதனால்தான் இரண்டு தேதிகளைக் கழித்தால் பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்று வருகிறது. ஆனால் அமெரிக்க அமைப்பில் இருக்கும் கம்ப்யூட்டரில் நம் ஸ்டேட்மென்ட்டைத் திறந்தால் விபரீதம் நடக்கும். 25/04/2024 என்பதில் 25-ஆவது மாதம் கிடையாது என்பதால் அது எழுத்தாகவே நின்றுவிடும். 05/04/2024 என்பதோ மே 4 ஆகிவிடும். எழுத்தாக நிற்பதைக் கண்டுபிடித்துவிடலாம். மே மாதமாக மாறியது சத்தமில்லாமல் கலந்துவிடும். அதனால் தேதி நெடுவரிசையை உள்ளே கொண்டுவரும்போதே நாள்–மாதம்–ஆண்டு என்று சொல்லிவிடுவது உத்தமம். சிஎஸ்வி ஃபைலை இரட்டைத் தட்டு தட்டித் திறக்காமல், டேட்டா மெனு வழியாகக் கொண்டுவாருங்கள் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவது இதற்காகத்தான்.

இப்போது இந்த வேலையின் இதயத்துக்கு வருகிறேன். ஷீட்டில் இலக்கமாகத் தெரிகிற எல்லாவற்றையும் எண்ணாக்கிவிடக் கூடாது. எந்த நெடுவரிசையைத் தொட்டாலும் நான் என்னையே கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இதைக் கூட்டுவேனா? தொகையைக் கூட்டுவேன், கிலோவைக் கூட்டுவேன், வரியைக் கூட்டுவேன். இரண்டு வங்கிக் கணக்கு எண்களை யாராவது கூட்டுவார்களா? கூட்ட முடியாதது இலக்கத்தில் எழுதப்பட்டிருந்தாலும் அது ஒரு பெயர். பெயரை எழுத்தாகவே காப்பாற்ற வேண்டும்.

மஞ்சளின் ஹெச்எஸ்என் குறியீடு 0910. இதை எண்ணாக்கினால் 910 என்று நிற்கும், அப்படி ஒரு சரக்கே கிடையாது. எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் நினைவில் வைத்திருக்கும். 16 இலக்கம் உள்ள கார்டு எண்ணை எண்ணாக்கினால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும், திரும்பக் கிடைக்கவே கிடைக்காது. யுபிஐ பரிவர்த்தனை எண் 12 இலக்கம். அது எண்ணாக உள்ளே பத்திரமாக இருந்தாலும், திரையில் 4.12இ+11 என்கிற தோரணையில் சுருங்கித் தெரியும். அந்த நிலையில் சிஎஸ்வியாகச் சேமித்தால், திரையில் தெரிந்த சுருக்கமே ஃபைலுக்குள் போய்விடும். இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டு ஒவ்வொரு நெடுவரிசையாக ‘நீ எண், நீ பெயர்’ என்று பிரித்து வைப்பதில் இருக்கிற நிறைவு தனி.

2பியைக் கொள்முதல் பதிவேட்டுடன் ஒப்பிடும்போது இந்தப் பிரிவினையின் பலன் கண்கூடாகத் தெரியும். நம் பதிவேட்டில் பில் நம்பர் 1047 எண்ணாக இருக்கும். 2பியில் அதே 1047 எழுத்தாக இருக்கும். விலுக்அப் போட்டால் இரண்டும் வேறு வேறு என்று சொல்லி ‘என்/ஏ’ என்று கைவிரிக்கும். இங்கே மருந்து எதிர்த்திசையில். பில் நம்பர் ஒரு பெயர் என்பதால், நம் பக்கத்து எண்ணுடன் &"" சேர்த்து அதை எழுத்தாக்கிவிட்டுத் தேடுவேன். வரித்தொகைகளை மட்டும் எண்ணாக்குவேன். வரிவரியாக ‘என்/ஏ’ நின்ற இடமெல்லாம் தொகைகளாக நிரம்பும்போது, வியாபாரிக்குக் கிடைக்க வேண்டிய உள்ளீட்டு வரி வரவு கண்முன்னே சேர்கிறது. அது அவருடைய பணம். அதை அவருக்கு மீட்டுக் கொடுத்ததில் பில் நம்பருடன் சேர்த்த அந்தக் குறிகளுக்கும் பங்கு உண்டு.

இந்தப் பிரிவினை எவ்வளவு பெரியது என்பதற்கு மரபணு ஆய்வாளர்களின் கதையே சாட்சி. மார்ச்1, செப்ட்1 என்கிற பெயர்களில் மனித மரபணுக்கள் இருந்தன. எக்செல் அவற்றை மார்ச் மாதம் 1-ஆம் தேதி, செப்டம்பர் 1-ஆம் தேதி என்று மாற்றிக்கொண்டே இருந்தது. எக்செல்லில் மரபணுப் பட்டியல் இணைத்து வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்ததாக 2016-இல் ஜீனோம் பயாலஜி இதழில் ஓர் ஆய்வு சொன்னது. கடைசியில் மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு 2020-இல் அறிவித்த நெறிமுறைகளில், அந்தப் பெயர்கள் மார்ச்எஃப்1, செப்டின்1 என்று மாறியிருந்தன. 2023-இல் மைக்ரோசாஃப்ட்டும் எக்செல்லின் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தி வைக்கிற வசதியைக் கொண்டுவந்தது. எது எண், எது பெயர் என்ற கேள்வி மனித மரபணுவின் பெயரையே மாற்ற வைத்திருக்கிறது! ஈரோட்டு மண்டிக் கணக்கில் நான் கேட்கிற அதே கேள்விதான் அது.

மாதா மாதம் ஒரே மாதிரி ஃபைல் வருகிறவர்கள் பவர் க்வெரியை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். 2016 எக்செல் முதல் அது உள்ளேயே இருக்கிறது. 160-ஐ நீக்கு, சிஆர் டிஆரைப் பிரி, இந்த நெடுவரிசை எண், அந்த நெடுவரிசை எழுத்து என்று ஒவ்வொரு படியையும் ஒருமுறை சொல்லிக்கொடுத்தால், வலப்பக்கத்தில் பட்டியலாக எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த மாதம் புது ஃபைலைப் பழைய இடத்தில் வைத்து ‘ரிஃப்ரெஷ்’ கொடுத்தால் எல்லாப் படிகளும் வரிசையாக நடக்கும். ‘யூசிங் லோகேல்’ என்று கொடுத்து எந்த நாட்டு வழக்கத்தில் எண்ணும் தேதியும் எழுதப்பட்டிருக்கின்றன என்றும் சொல்லலாம். மாற்ற முடியாத கட்டத்தை ‘எரர்’ என்று வெளிப்படையாகக் காட்டும்; ‘கீப் எரர்ஸ்’ கொடுத்தால் அவை மட்டும் தனியே வந்து நிற்கும். சம் ஃபங்ஷன் ஓசைப்படாமல் தாண்டிப் போன இடத்தில், இது கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டுகிறது. இதைவிட நேர்மையான உதவியாள் யாருக்குக் கிடைப்பார்?

காசு கொடுத்து எக்செல் வாங்க முடியாதவர்களுக்கும் குறையில்லை. இலவசமாகக் கிடைக்கிற லிப்ரே ஆபீஸ் கால்க்கில் கன்ட்ரோலும் எஃப்8-உம் சேர்த்துத் தட்டினால், எண்கள் நீலமாகவும் எழுத்துகள் கறுப்பாகவும் ஃபார்முலாக்கள் பச்சையாகவும் ஒளிரும். எந்தக் கட்டம் என்ன ஜாதி என்று ஷீட்டே நிறத்தில் சொல்லிவிடுகிறது. நீலத்துக்கு நடுவில் ஒரு கறுப்புத் தொகை நின்றால், அங்கேதான் வேலை. டெக்ஸ்ட் டு காலம்ஸ் அதிலும் உண்டு. இந்த நிற வசதிக்காகவே எக்செல் வைத்திருக்கிறவர்கள்கூட அதை ஒருமுறை திறந்து பார்க்கலாம்.

மாற்றி முடித்ததும் நான் விடாமல் செய்கிற ஒரு சரிபார்ப்போடு முடிக்கிறேன். தொடக்க இருப்புடன் வரவுகளைக் கூட்டி, செலவுகளைக் கழித்தால், ஸ்டேட்மென்ட்டின் கடைசி வரியில் வங்கி அச்சிட்டிருக்கும் இறுதி இருப்பு பைசா சுத்தமாக வர வேண்டும். ஒரே ஒரு கட்டம் எழுத்தாக ஒளிந்திருந்தாலும் வராது. வந்துவிட்டால், அத்தனை ஆயிரம் கட்டங்களும் எண்தான் என்பதற்கு அந்த ஒற்றை விடை சாட்சி. கணக்குத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நாம் பிவட் டேபிளையும் சார்ட்டையும் ஆசையாகச் சொல்லிக்கொடுக்கிறோம். அவை எல்லாம் எண்ணின் மேல் எழும்புகிற மாடிகள், தரைத்தளம் இதுதான். முதல் வாரத்தில் இதைச் சொல்லிக்கொடுங்கள். இறுதி இருப்பு ஒருமுறை அவர்கள் கையாலேயே டேலி ஆகட்டும். அதற்குப் பிறகு இந்த வேலையை விடச் சொன்னாலும் அவர்கள் விட மாட்டார்கள்.